பெயர் அச்சடித்த கடதாசிக் கப்: ஓடர் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் தேத்தண்ணி விற்பவரும் அம்பாறை மாவட்டத்து அறுகம்பேயில் ஐஸ் கோப்பி போடுபவரும் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கடைப் பெயர் அடித்த கப் எடுக்கலாமா, எடுத்தால் எதை எடுப்பது? விற்பனைப் பிரதிநிதி மேசையில் நாலைந்து மாதிரியை வைத்து சிங்கிள் வோல், டபுள் வோல், பிஎல்ஏ, ஃபிளெக்சோ என்று அடுக்கும்போது பலர் செய்வது, பார்க்க அழகாக இருக்கும் ஒன்றைக் காட்டி "இதிலேயே அடித்துத் தாங்கோ" என்று முற்பணம் கொடுப்பதுதான். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கப் என்பது முதலில் ஒரு பாத்திரம், விளம்பரப் பலகை வேலை அதற்கு இரண்டாவது. ஆகவே உட்பக்கத்தை முதலில் பார்ப்போம், வெளிப்பக்கத்துக்குப் பிறகு வருவோம்.

இந்தக் கேள்வி ஏன் இப்போது வந்தது

இலங்கையில் பொலித்தீன், பிளாஸ்டிக் மீதான கட்டுப்பாடு படிப்படியாக வந்தது. 2017 செப்டெம்பர் 1 முதல் ரெஜிபோம் உணவுப் பெட்டிகளும் 20 மைக்ரோனுக்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீனும் தடைக்குள் வந்தன. பானக் கடைகளை நேரடியாகத் தொட்டது 2023 ஒக்டோபர் 1 இல் நடைமுறைக்கு வந்த தடை. ஒருமுறை பாவித்து வீசும் பிளாஸ்டிக் கப், தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி, ஸ்ட்ரோ, கலக்கும் குச்சி, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலை ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. யோகட் கப்புக்கு மட்டும் விலக்கு உண்டு.

பலர் கப்பை மாற்றிவிட்டு ஸ்ட்ரோவையும் கலக்கும் குச்சியையும் பழையபடி வைத்திருக்கிறார்கள். அவையும் அதே பட்டியலில்தான் உள்ளன. பொருள் விற்பவர் "இது பரவாயில்லை, எல்லாரும் எடுக்கிறார்கள்" என்று சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் பிரதேச செயலகத்தில் சுற்றாடல் உத்தியோகத்தர் இருப்பார். மாதிரியைக் கையில் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டால் செலவில்லாமல் தெளிவு கிடைக்கும், குறிப்பாகக் கண்ணாடி போல உள்ளே தெரியும் "பயோ" கப்புகள் விஷயத்தில்.

கடதாசிக் கப் வெறும் கடதாசி அல்ல

வெறும் கடதாசியில் தேத்தண்ணி ஊற்றினால் இரண்டு நிமிடத்தில் ஊறிவிடும். அதனால் உட்பக்கத்தில் மெல்லிய ஒரு பூச்சு போடுகிறார்கள். சந்தையில் இருப்பவற்றை இப்படிப் பிரிக்கலாம்:

1. பொலிஎதிலீன் பூச்சு. சுருக்கமாக பீஈ. அதிகம் கிடைப்பதும் விலை குறைந்ததும் இதுதான். இது உருகும் வெப்பநிலை 100 பாகைக்கு மேல் என்பதால் கொதித்த தேத்தண்ணியில் உருகி ஓடாது.

2. பிஎல்ஏ பூச்சு. சோளம், கரும்பு போன்றவற்றின் மாச்சத்து அல்லது சீனியிலிருந்து செய்யும் பிளாஸ்டிக். கடதாசியோடு ஒட்டியிருக்கும்போது சூட்டைத் தாங்கும். ஆனால் முழுவதும் பிஎல்ஏயால் செய்த கண்ணாடி போன்ற கப் 55, 60 பாகையில் இளகிவிடும். அது குளிர்பானத்துக்கு மட்டும்தான். அந்தப் பெட்டியை மத்தியான வெயிலில் வேனுக்குள் பூட்டி வைத்தால் கப் நெளிந்து போகும்.

3. நீரில் கலந்து பூசும் பூச்சு. பிளாஸ்டிக் படலம் ஒட்டாமல், திரவமாகப் பூசிக் காயவைப்பது. விலை கூட. எல்லா விற்பனையாளரிடமும் கிடைக்காது.

கடதாசியின் தடிப்பை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள், ஒரு சதுர மீற்றர் கடதாசி எத்தனை கிராம் நிறை என்பதுதான் அது. கப் செய்யும் அட்டை ஏறத்தாழ 150 முதல் 350 ஜிஎஸ்எம் வரை வரும். சின்னப் பிளேன்டீ கப்புக்கு 180, 200 போதும். 350 மில்லிலீற்றர் ஐஸ் கோப்பிக் கப்பை அதே அட்டையில் செய்தால், நிரப்பித் தூக்கும்போது நடுவில் அமுங்கி மூடி கழன்றுவிடும். விலை மலிவாகச் சொல்லும் கொட்டேஷனில் முதலில் பார்க்க வேண்டிய இலக்கம் இதுதான். இரண்டு பேர் ஒரே அளவுக் கப்புக்கு இரண்டு விலை சொன்னால், பெரும்பாலும் வித்தியாசம் அட்டைத் தடிப்பில் இருக்கும்.

இன்னொரு செய்தி பலரைக் குழப்பியிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள், பூச்சுள்ள கடதாசிக் கப்பில் 85 முதல் 90 பாகைச் சுடுநீரை 15 நிமிடம் வைத்தபோது 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துணிக்கைகள் கலந்ததாகக் கண்டார்கள். இதனால் உடலுக்கு எவ்வளவு தீங்கு என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனாலும் கடைக்காரர் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கடையில் உட்கார்ந்து குடிப்பவருக்குக் கண்ணாடிக் கிளாஸ் கொடுங்கள், கப் பார்சலுக்கு மட்டும் இருக்கட்டும். கப் செலவும் அதே அளவுக்குக் குறையும்.

எந்தப் பானத்துக்கு எந்தக் கப்

பிளேன்டீ, பால் தேத்தண்ணி, நெஸ்கஃபே போன்ற சூடானவைக்கு உட்பக்கம் மட்டும் பூச்சுள்ள கப் போதும். பிரச்சினை கையில்தான். ஒற்றைச் சுவர்க் (சிங்கிள் வோல்) கப்பில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுத்தால் வாங்குபவரால் பிடிக்க முடியாது. அதற்காக இரண்டு கப்பை ஒன்றுக்குள் ஒன்று வைத்துக் கொடுக்கிறோம். இது எவ்வளவு செலவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு 120 சூடான பார்சல் போகும் கடை இப்படிச் செய்தால் 240 கப் போகிறது, குப்பையும் இரண்டு மடங்கு. இரட்டைச் சுவர்க் (டபுள் வோல்) கப்பில் நடுவில் காற்று இடைவெளி இருப்பதால் சூடு கைக்கு வராது. நெளிநெளியாக வெளிச்சுவர் உள்ளதை ரிப்பிள் என்பார்கள், அதுவும் இதே வேலைதான். இவை விலை கூட என்றால், ஒற்றைச் சுவர்க் கப்பும் வெளியே போடும் கடதாசி உறையும் நல்ல வழி. உறையில் மட்டும் கடைப் பெயரை அடித்துக்கொள்ளலாம், கப் வெறுமையாக இருக்கலாம்.

குளிரானவை வேறு கதை. மட்டக்களப்பு, கல்முனை, பொத்துவில் பக்கக் காற்றில் எப்போதும் ஈரம். ஐஸ் போட்ட கப்பின் வெளிப்பக்கம் சில நிமிடங்களில் வியர்க்கும். வெளியே பூச்சில்லாத கப் என்றால் அந்த ஈரத்தைக் கடதாசி உறிஞ்சி, முதலில் அடிப்பகுதி மெத்தென்றாகும், பிறகு அச்சு மங்கும், கடைசியில் கையில் பிடித்த இடம் பள்ளமாகும். ஆகவே குளிர்பானத்துக்கு இரண்டு பக்கமும் பூச்சுள்ள கப்தான் வேண்டும். கொட்டேஷனில் "டபுள் பீஈ" என்று எழுத்தில் வாங்குங்கள். சூடான பானக் கப்பையே குளிருக்கும் பாவிக்கலாம் என்று சொல்பவரை நம்பி 20,000 கப் எடுக்க வேண்டாம்.

ஃபலூடாவுக்கும் சர்பத்துக்கும் நிறம் தெரிய வேண்டும் என்பது கடைக்காரர்களின் நியாயமான கவலை. கடதாசிக் கப்பில் அந்த அடுக்குகள் தெரியாது. அதற்கு விடை அச்சிலேயே இருக்கிறது, அந்த அடுக்குகளையே படமாக அடிக்கலாம். நோன்புக் கஞ்சிக்குக் கப் எடுப்பவர்கள் வாய் அகன்ற, தடித்த அட்டையைக் கேளுங்கள். கஞ்சி தண்ணியை விட நேரம் கூடச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், தேங்காய்ப் பாலின் எண்ணெயும் சேர்ந்து, அடித்தட்டு ஒட்டும் இடமான அடித்தையலைச் சோதிக்கும். மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் போன்ற நாட்களில் தாகசாந்தி கொடுப்பவர்களுக்கோ 120 மில்லிலீற்றர் வெறுங் கப்பே போதும், அச்சுச் செலவு தேவையில்லை.

அளவும் மூடியும்

விற்பவர்கள் அவுன்சில் பேசுவார்கள். ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். அப்படியானால் 4 அவுன்ஸ் 120, 8 அவுன்ஸ் 240, 12 அவுன்ஸ் 355 அளவில் வரும். இந்த அளவு பெரும்பாலும் விளிம்பு வரை நிரப்பினால் வருவது. மூடி போட வேண்டுமானால் மேலே ஒரு சென்ரிமீற்றராவது விட வேண்டும், ஆகவே 240 கப்பில் 180, 190தான் ஊற்ற முடியும். உங்கள் பால் தேத்தண்ணி 180 என்றால் 8 அவுன்ஸ் சரி, 240 ஐஸ் கோப்பிக்கு 12 அவுன்ஸ் எடுக்க வேண்டும்.

மூடியில்தான் அதிக பணம் வீணாகிறது. 8 அவுன்ஸ் கப் 80 மில்லிமீற்றர் வாயோடும் வரும், 90 மில்லிமீற்றர் வாயோடும் வரும். கப்பை ஓரிடத்திலும் மூடியை இன்னோரிடத்திலும் வாங்கி, இரண்டும் "8 அவுன்ஸ்" என்று பெட்டியில் இருக்க, பொருந்தாமல் போவது அடிக்கடி நடக்கிறது. வாய் விட்டத்தை மில்லிமீற்றரில் கேளுங்கள். முடிந்தால் கடையின் எல்லாக் கப்பையும் ஒரே வாய் விட்டத்தில் தேர்ந்தெடுங்கள். 90 இல் 8, 12, 16 அவுன்ஸ் மூன்றும் கிடைக்கும், ஒரே மூடி மூன்றுக்கும் பொருந்தும்.

அச்சு எப்படி நடக்கிறது, பணம் எங்கே போகிறது

அச்சு விழுவது கப் செய்த பிறகு அல்ல. சுருளாகவோ தாளாகவோ இருக்கும் அட்டையில் முதலில் அடித்து, விசிறி வடிவில் வெட்டி, மெசினில் சுருட்டிச் சூட்டால் பக்கத்தை ஒட்டி, அடித்தட்டைச் செருகி, விளிம்பை வெளிப்பக்கம் மடிக்கிறார்கள். இந்த வரிசை புரிந்தால் டிசைனில் வரும் பாதிப் பிழைகள் வராது. நேர்கோட்டில் எழுதிய பெயர், விசிறி வடிவ அட்டையைச் சுருட்டும்போது கப்பில் வளைந்து தெரியும். அதனால் அச்சகத்திடம் அந்தக் கப்புக்குரிய விரித்த அளவுப்படத்தை வாங்கி, அதன் வளைவில்தான் டிசைன் செய்ய வேண்டும். ஒட்டும் ஓரத்தில் லோகோ விழக்கூடாது. உதடு படும் மேல் ஒன்றரை சென்ரிமீற்றரில் அச்சே வேண்டாம். லோகோவை எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு முறை வைத்தால், வலக்கையால் பிடித்தாலும் இடக்கையால் பிடித்தாலும் எதிரில் இருப்பவருக்குத் தெரியும்.

அச்சு முறை மூன்று. ஃபிளெக்சோ என்பது வளையும் பிளேட்டால் (அச்சுத் தகட்டால்) சுருளில் வேகமாக அடிப்பது. ஒரு நிறத்துக்கு ஒரு பிளேட், பெரிய எண்ணிக்கைக்கு மலிவு. ஓஃப்செட் தாளில் அடிப்பது, புகைப்படமும் மெல்லிய நிறமாற்றமும் நன்றாக விழும். டிஜிட்டலுக்குப் பிளேட் தேவையில்லை, சில நூறு கப் கூட அடிக்கலாம், ஆனால் ஒரு கப்பின் விலை கூட.

கணக்குக்காக ஒரு நிறத்துப் பிளேட் 12,000 ரூபா என்று வைப்போம். இரண்டு நிறத்துக்கு 24,000. நீங்கள் 10,000 கப் அடித்தால் ஒவ்வொரு கப்பின் தலையிலும் 2 ரூபா 40 சதம் விழுகிறது, 40,000 அடித்தால் 60 சதம் மட்டும். இதைக் காட்டித்தான் விற்பவர் 40,000க்கு இழுப்பார். ஆனால் ஒரு நாளைக்கு 100 பார்சல் போகும் கடைக்கு 40,000 கப் என்பது 400 நாள் சரக்கு. அதற்குள் தொலைபேசி இலக்கம் மாறலாம், கப் ஈரம் பிடிக்கலாம், அவ்வளவு பணமும் ஸ்டோரில் முடங்கிக் கிடக்கும். நான்கு மாதத்தில் முடியக்கூடிய அளவுக்கு மேல் எடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. பிளேட்டை யார் வைத்திருப்பது, இரண்டாவது ஓடருக்கு மீண்டும் பிளேட் காசு உண்டா என்பதையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரு நாளைக்கு 40, 50 கப் மட்டும் போகும் கடை என்றால் அச்சுக் கப்பே வேண்டாம். வெறுங் கப்பும் நல்ல ஸ்டிக்கரும் போதும். ரப்பர் முத்திரை குத்துவதும் மலிவுதான், ஆனால் மை காயும் முன் கப்பை அடுக்கினால் அது அடுத்த கப்பின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கேதான் தேத்தண்ணி ஊற்றப் போகிறீர்கள்.

தமிழ் எழுத்து அச்சில் உடையும் இடங்கள்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டிசைன் செய்பவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடில் எழுதியிருந்தாலும், தமிழைச் சரியாகக் கையாளத் தெரியாத பழைய மென்பொருளில் கொம்பு இடம் மாறி, "கொ" என்பது மூன்று துண்டாகத் தெரியும். தீர்வு சுலபம். கோப்பை அனுப்பும் முன் எழுத்துக்களை எல்லாம் வடிவக் கோடுகளாக (அவுட்லைன்) மாற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு எந்தக் கணினியிலும் மாறாது.

அடுத்தது புள்ளி. ஃபிளெக்சோவில் மை சற்றுப் பரவும். சின்ன எழுத்தில் புள்ளி ஒன்று எழுத்தோடு ஒட்டிவிடும், அல்லது விழாமலே போகும். "தேத்தண்ணிக் கடை" என்பது "தேததணணிக கடை" ஆகும். கடும் நிறத்தில் வெள்ளையாக எழுத்தை விட்டால் நிலைமை இன்னும் மோசம், புள்ளி முழுவதும் மையால் மூடிப்போகும். ஆகவே தமிழ் எழுத்தைத் தடித்த எழுத்துருவில், பெரிதாக, வெளிர் நிறத்தின் மேல் கடும் நிறத்தில் வையுங்கள். அம்பாறைப் பக்கம் மூன்று மொழியும் வேண்டும் என்பார்கள். மூன்றையும் ஒரே பக்கத்தில் நெருக்கினால் மூன்றும் படிக்க முடியாமல் போகும், பெயரை மட்டும் மூன்றில் அடித்து முகவரியை விட்டுவிடலாம்.

தூரத்து அச்சகத்தில் வேலை செய்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். எனவே இறுதிப் பிரதியை வட்ஸ்அப்பில் பார்த்து "ஓகே" போடாமல், உண்மை அளவில் ஒரு தாளில் அச்செடுத்து, கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

மை, மணம், சட்டம்

அடுக்கி வைத்த கப்பில், ஒரு கப்பின் வெளி அச்சு அடுத்த கப்பின் உட்பக்கத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அதனால் மை வெளியேதானே என்று விட முடியாது. உணவுப் பொதிக்குரிய, நீரை அடிப்படையாகக் கொண்ட மை என்று எழுத்தில் உறுதி கேளுங்கள். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வரும்போது, கேள்வி உங்களிடம்தான் வரும். அப்போது காட்டுவதற்கு ஒரு கடிதமாவது கையில் இருக்க வேண்டும்.

முற்பணம் கொடுக்கும் முன் பத்துக் கப் மாதிரி வாங்கிக் கடையிலேயே பார்க்கக்கூடியவை:

1. கொதிநீர் ஊற்றி 20 நிமிடம் ஒரு தாளின் மேல் வையுங்கள். தாளில் வட்டமாக ஈரம் படிந்தால் அடித்தையல் சரியில்லை.

2. அதே நீரை மணந்து பாருங்கள். மை மணமோ எண்ணெய் மணமோ வந்தால் வேண்டாம்.

3. ஐஸ் போட்ட பானத்தை முக்கால் மணி நேரம் கடைக்கு வெளியே வைத்து, பிறகு ஒரு கையால் தூக்குங்கள்.

4. ஈர விரலால் அச்சை அழுத்தித் தேய்த்து, வெள்ளை டிஷுவில் துடையுங்கள். இரண்டு பக்கமும் பூச்சுள்ள கப்பில் மை பிடிக்காமல் வரும் வாய்ப்புக் கூட, அதில் கவனம்.

5. மூடி போட்டுக் கவிழ்த்துப் பிடியுங்கள். பார்சலை மோட்டார் சைக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டுதான் ஆட்கள் போவார்கள்.

"மக்கும்" என்று அடிக்கலாமா

கப்பில் பச்சை இலை படமும் "மக்கக்கூடியது" என்ற வரியும் போடச் சொல்லி விற்பவரே தூண்டுவார். பிஎல்ஏ மக்க, தொழிற்சாலை உரக்கூடத்தில் 58, 60 பாகை வெப்பம் வாரக்கணக்கில் வேண்டும். வீட்டுக் குழியிலும் ஊர்க் குப்பைமேட்டிலும் அந்தச் சூடு வராது. பீஈ பூச்சுக் கப்போ கடதாசி ஊறிப் போனாலும் படலம் அப்படியே கிடக்கும். பழைய கடதாசி எடுப்பவர்களுக்கும் இந்தக் கப் உதவாது, பூச்சைப் பிரிக்கத் தனி மெசின் வேண்டும்.   

நம் மாவட்டங்களின் குப்பை எங்கே போகிறது என்பது உலகச் செய்தியாகவே வந்தது. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் உணவு மணத்துக்கு வரும் யானைகள் பிளாஸ்டிக்கையும் சேர்த்து விழுங்கி, எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வெளியானது. பாலும் சீனியும் ஒட்டிய மூடியும் ஸ்ட்ரோவும் அப்படியான மேடுகளுக்குத்தான் போகும். ஆகவே நிரூபிக்க முடியாத வரியை அடிக்க வேண்டாம். அந்த இடத்தில் "சொந்தக் கப் கொண்டுவந்தால் 10 ரூபா குறைவு" என்று அடியுங்கள், உண்மையாகவே குறைத்துக் கொடுங்கள்.

ஓடரும் களஞ்சியமும்

ஓடர் கடிதத்தில் இவ்வளவும் இருக்கட்டும்: மில்லிலீற்றர் அளவு, வாய் விட்டம், ஜிஎஸ்எம், பூச்சு எத்தனை பக்கம், நிறங்கள், எண்ணிக்கை, கொடுக்கும் திகதி. அச்சுத் தொழிலில் பத்து வீதம் கூடவோ குறையவோ வருவது வழக்கம், அதற்குக் காசு எப்படி என்பதையும் எழுதுங்கள். சரக்கு வந்ததும் மேல் பெட்டியை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைக்காமல், அடியில் இருக்கும் ஒரு பெட்டியைத் திறந்து பாருங்கள்.

அறுகம்பேக் கடைகள் ஏப்ரலுக்கு முன்பும், காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுக் கடைகள் நோன்புக்கு முன்பும் சரக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலம், அந்த நேரம் பெரிய சரக்கு எடுக்கவே வேண்டாம். இருப்பதைப் பலகை மேல், நிலத்திலிருந்து ஒரு முழமாவது உயர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். கருவாடு, மண்ணெண்ணெய், சவர்க்காரம் இருக்கும் அறையில் வைத்தால் கடதாசி அந்த மணத்தைப் பிடித்து, தேத்தண்ணியில் கொண்டுவந்து விடும். திறந்த பொதியை முடிந்தவரை அன்றன்றே முடியுங்கள், மீதி இருந்தால் மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள்.